சீஸ் க்யூபுக்கு ஒரு வக்காலத்து

“இது சீஸே இல்லக்கா. சீஸ் மாதிரி ஒண்ணு.”

நெதர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அமுல் க்யூப் டப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னது இது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இப்படி நிறையச் சொல்வார்கள். நம்ம ஊர் பிரெட் பிரெட் இல்லை, சாக்லேட் சாக்லேட் இல்லை, பால் பால் இல்லை. நானும் “சரிடா” என்று கேட்டுக்கொண்டு என் வேலையைப் பார்ப்பவள்தான். இது மட்டும் ஏனோ உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு நான் செய்கிற சீஸ் பாஸ்தா அந்த க்யூபை நம்பித்தான் நடக்கிறது. பால் காய்ந்ததும் இரண்டைப் போட்டுக் கிளறினால் வழவழவென்று சாஸ் தயார். எவ்வளவு அவசரமான காலையிலும் அது காலை வாரியதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை ‘மாதிரி ஒண்ணு’ என்று தள்ளிவிட்டால் எப்படி?

சுவை என்று வந்தால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அவன் பெட்டியில் கொண்டுவந்திருந்தது கௌடா என்கிற டச்சு சீஸ், அதிலும் பழையது, ஒரு துண்டு. மாதக்கணக்கில் முதிர வைத்தது. கத்தி வைத்தால் வெட்டுப்படாமல் உடைந்து உதிரும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடிக் கற்கள். உப்பு என்று நினைத்தேன். சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து டைரோசின் என்கிற அமினோ அமிலம் படிகமாகிவிடுமாம், அதுதான் பல்லில் நறநறக்கிறது. வாயில் போட்டால் முதலில் உப்பு, பிறகு காய்ச்சிய சர்க்கரையின் மணம், கடைசியில் லேசான காரம். க்யூபில் இதெல்லாம் தேடினாலும் கிடைக்காது. உப்பும் பால் ருசியும், அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது சும்மா வாயில் போட்டுக்கொள்கிற சீஸைப் பற்றி அல்ல, சாஸைப் பற்றி. அன்று ராத்திரி “நிஜ சீஸ்ல பண்ணிக் காட்டறேன் பாரு” என்று அவனே அடுப்படிக்குள் வந்தான்.

கடாயில் நடந்தது

வெண்ணெய் உருகியது, பால் ஊற்றினான், அது கொதிக்க ஆரம்பித்ததும் துருவிய கௌடாவைக் கை நிறைய அள்ளிப் போட்டான். முதல் அரை நிமிடம் பார்க்க அழகாக இருந்தது. வாசனை கூடம் வரை போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தது. அப்புறம் கடாயின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு எண்ணெய்ச் சொட்டு தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கிளறக் கிளற நடுவில் இருந்த சீஸ் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஒரு கட்டியாகி, கரண்டியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் இருந்த பால் நீர்த்துப்போய், அதில் ரவை ரவையாக ஏதோ மிதந்தது. இன்னும் உருகவில்லை போலிருக்கிறது என்று அவன் தீயைக் கூட்டினான். கட்டி இன்னும் இறுகியது, எண்ணெய் இன்னும் பிரிந்தது.

சொம்பை வைக்க வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “திரிஞ்சு போச்சேடா. அரிசி எதுவும் அரைச்சு விடலையா?”

“அம்மா, இது மோர்க்குழம்பு இல்லம்மா” என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை நான் அந்தக் கடாயை உருகுகிற விஷயமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைத் திரிகிற விஷயமாகப் பார்த்தாள். சீஸை வாயில் வைத்தே அறியாதவள், ஒரு பார்வையில் என்ன கோளாறு என்று சொல்லிவிட்டாள்.

மோர்க்குழம்பில் நாம் என்ன செய்கிறோம்? ஊறவைத்த பச்சரிசியும் துவரம்பருப்பும் தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்து, கடைந்த மோரில் கரைத்து, தீயைச் சிம்மில் வைத்து, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். அரிசி விடாமல் வெறும் மோரைக் காய்ச்சினாலும் திரிந்துவிடும். மோரில் இருக்கிற கேசீன் என்கிற புரதம் புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, தண்ணீரை வெளியே தள்ளும். அரிசி மாவு சூட்டில் ஊதிப் பெருத்துப் புரதத்தின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டு, அவை ஒன்றுசேர விடாமல் தடுக்கிறது. சீஸில் இருப்பதும் அதே கேசீன்தான். கூடவே கொழுப்பும் இருக்கிறது. கௌடா, செடார் போன்றவற்றில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கேசீன் வலைக்குள் அந்தக் கொழுப்பு சிக்கிக்கொண்டிருக்கிறது. சூடு ஏறினால் முதலில் கொழுப்பு உருகும், பிறகு வலை தளரும், சூடு எல்லை மீறினால் வலை மறுபடி இறுகித் தண்ணீரையும் எண்ணெயையும் பிழிந்து வெளியேற்றிவிடும்.

இதில் முதிர்ந்த சீஸ்தான் ஆபத்து. மாதக்கணக்கில் கிடக்கும்போது நொதிகள் கேசீனை நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த நறுக்கலில்தான் அத்தனை சுவையும் பிறக்கிறது, வலை பலவீனமாவதும் அதே நறுக்கலில்தான். ஈரமும் காய்ந்துபோயிருக்கும். ஆக, தம்பி பெருமையாகக் கொண்டுவந்த சீஸ் எவ்வளவு ருசியானதோ அவ்வளவு சீக்கிரம் கடாயில் கைவிடும்.

மாவு, க்ரீம், அப்புறம் அந்த உப்பு

இந்தப் பாடுபட்டவன் என் தம்பி மட்டும் இல்லை. ரோமில் காச்சோ எ பெப்பே என்று ஒரு பாஸ்தா உண்டு. பெக்கோரினோ என்கிற ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், இவ்வளவுதான் சாமான். சீஸ் கட்டி தட்டாமல் அதைச் செய்வது ரோமாபுரிக்காரர்களுக்கே எளிதல்ல. இத்தாலியர்கள் நிறைந்த ஒரு இயற்பியலாளர் குழு இதை ஆராய்ச்சியாகவே செய்து, 2025இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசை வாங்கியது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற வேடிக்கைப் பரிசு அது. அவர்கள் சொன்னது இது: சீஸ் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் சூடு ஏறும்போது கட்டி தட்டும். 2 முதல் 3 சதவீதம் இருந்தால் சாஸ் நிற்கும். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் ஆறியதும் விறைத்துவிடும். அதாவது 200 கிராம் சீஸுக்கு 5 கிராம் சோளமாவோ உருளைக்கிழங்கு மாவோ போதும். படித்ததும் எனக்குத் தோன்றியது, அம்மா கேட்ட கேள்விக்கு இவர்கள் அளவு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான்.

நம்ம ஊர் ‘வொயிட் சாஸ் பாஸ்தா’வும் இதே வழிதான், மாவு மட்டும் மைதா. வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் கிளறினால் பெஷமெல், அதில் சீஸ் சேர்த்தால் மோர்னே என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பான வழி, கொதித்தாலும் திரியாது, ஓவனில் வைத்தாலும் எண்ணெய் கக்காது. பேக் செய்கிற பாஸ்தாவுக்கு நானும் மைதாவைத்தான் நம்புகிறேன். ஆனால் தட்டில் போட்டு உடனே சாப்பிடுகிற பாஸ்தாவுக்கு எனக்கு அது பிடிக்காது. மாவு இருந்தால் நாக்கில் சீஸ் தெரிவதற்கு முன்னால் மாவு தெரிகிறது. மைதாவைப் பச்சை வாசனை போக வறுக்கப் பொறுமை இல்லாத கடைகளில் கேட்கவே வேண்டாம், போஸ்டர் ஒட்டுகிற பசையில் ஆரிகானோ தூவிக் கொடுத்துவிட்டு இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது க்ரீம். பாஸ்தா என்றால் ஃப்ரெஷ் க்ரீம் பாக்கெட்டை உடைத்து ஊற்றுவது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. க்ரீம் ஊற்றினால் வழவழப்பு வரும், சந்தேகமில்லை. ஆனால் சீஸ் பின்னால் போய்விடும். ஆல்ஃப்ரெடோ சாஸ் என்றாலே க்ரீம் என்று நினைக்கிறோம். ரோமில் ஆல்ஃப்ரெடோ டி லேலியோ புகழ்பெற வைத்த அந்த பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும்தான் உண்டு. க்ரீம் பின்னால் அமெரிக்காவில்தான் அதில் சேர்ந்தது. நாம் க்ரீமி என்று சொல்கிற அந்த வழவழப்புக்கு க்ரீம் தேவையே இல்லை. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் யாராவது பிடித்துவைத்திருந்தால் போதும். மாவு அந்த வேலையைச் செய்யும். செய்கிற இன்னொன்றின் பெயர் என் ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாவிலேயே அச்சாகியிருந்தது: சோடியம் சிட்ரேட் என்கிற ஒரு உப்பு.

கௌடா திரிந்த அன்று ராத்திரி, பாத்திரம் கழுவிவிட்டு அந்த டப்பாவைத் திருப்பிப் படித்தேன். முதல் சாமான் சீஸ். ‘மாதிரி ஒண்ணு’ இல்லை, சீஸேதான். அதை உருக்கி இந்த உப்பைச் சேர்த்து மறுபடி உறைய வைத்திருக்கிறார்கள். பிராசஸ்டு சீஸ் என்பது இதைத்தான். கேசீன்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது கால்சியம். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுத்துவிடும். கட்டு தளர்ந்த கேசீன் ஒரு பக்கம் கொழுப்பையும் மறுபக்கம் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து மாவு வந்து தடுக்க வேண்டியதில்லை, புரதமே காவல் காக்கிறது. அதனால்தான் இந்தச் சாஸில் மாவு ருசி இல்லை.

1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் என்கிற ஊரில் வால்ட்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எமென்டால் சீஸில் இதைச் செய்து பார்த்தார்கள். வெயில் ஊர்களுக்கு சீஸ் கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் கவலை. வெயில் ஊர் என்றால் நாம்தானே! 1916இல் சிகாகோவில் ஜேம்ஸ் கிராஃப்ட் பிராசஸ்டு சீஸ் செய்கிற தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1937இல் அவருடைய நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் பொடியையும் ஒரே பெட்டியில் போட்டு, நாலு பேர் சாப்பிட 19 சென்ட் என்று விற்றது. பொருளாதார மந்தநிலையில் அடிபட்டுக் கிடந்த அமெரிக்காவில் அது பிய்த்துக்கொண்டு போனது. மட்டமான சரக்கு என்கிற பெயர் பிராசஸ்டு சீஸுக்கு ஒட்டிக்கொண்டதற்கு இந்த மலிவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மலிவாக இருப்பதும் மட்டமாக இருப்பதும் ஒன்றல்ல என்று மளிகைக் கடையில் நமக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனதும் மறந்துவிடுகிறது.

இரண்டும் சேர்ந்தால்

மறுநாள் தம்பியிடம் டப்பாவைக் காட்டினேன். படித்துவிட்டு “சரி, கெமிஸ்ட்ரி எல்லாம் ஓகே. டேஸ்ட் எங்க?” என்றான். நியாயமான கேள்விதான். க்யூபில் பிடிப்பு இருக்கிறது, சுவை இல்லை. கௌடாவில் சுவை இருக்கிறது, பிடிப்பு இல்லை. க்யூபில் இருக்கிற சிட்ரேட் தன் சீஸை மட்டும்தான் காப்பாற்றுமா, பக்கத்தில் இருப்பதையும் காப்பாற்றுமா? காப்பாற்றும். அன்றிலிருந்து என் பாஸ்தா இப்படித்தான்.

மூன்று பேருக்கு 200 கிராம் பென்னே, அதாவது குழாய் பாஸ்தா. தண்ணீரைக் கடல் மாதிரி வைக்காமல், பாஸ்தா மூழ்கி ஒரு விரல் நிற்கிற அளவு வைத்தால் போதும். தண்ணீர் குறைந்தால் அதில் மாவுச்சத்து கூடும். உப்பு பாதிதான். க்யூபிலும் உப்பு, அந்த சிட்ரேட்டும் ஒரு உப்பு, கடைசியில் கரித்துவிடும். பாஸ்தா வெந்துகொண்டிருக்கும்போதே கடாயில் அரை டம்ளர் பாலைச் சூடாக்கி, கொதிக்கும் முன்பே தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து, இரண்டு க்யூபைத் துருவிப் போட வேண்டும். ஒன்று 25 கிராம் என்றால் இது 50 கிராம். கைவிடாமல் கிளறினால் ஒரு நிமிடத்தில் பாலும் சீஸும் ஒன்றாகிக் கரண்டியின் முதுகில் படியும். விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். இப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். சிம்மில்கூட வேண்டாம். அணைத்து, கொஞ்சம் சூடு தணிந்தபிறகுதான் நல்ல சீஸ். முதிர்ந்த செடாரோ கௌடாவோ 50, 60 கிராம், மெல்லிசாகத் துருவியது, இரண்டு மூன்று தவணையாக. ஒன்று கரைந்தபிறகு அடுத்தது. வடிகட்டிய பாஸ்தாவைக் கொட்டிப் புரட்டி, பாஸ்தா வெந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுத் தளர்த்த வேண்டும். மிளகை அப்போதே இடித்துப் போட்டால் அதற்கு ஒரு தனி மணம் இருக்கிறது. தட்டில் போடும்போது சாஸ் கொஞ்சம் நீர்க்க இருப்பது போலத்தான் தெரியும், இருக்கட்டும். ஆற ஆறக் கெட்டிப்படும், பாஸ்தாவும் குடித்துக்கொள்ளும். டிபன் பாக்ஸுக்கு என்றால் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் கூடவே விடுவேன்.

துருவிய சீஸ் பாக்கெட்டில் வருகிறதே, அது வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் ஏதாவது ஒரு பொடியைத் தூவியிருப்பார்கள், சாஸ் மாவு மாவாக இருக்கும். மொசரெல்லா இழுவைக்கென்றே பிறந்த சீஸ். பீட்சாவுக்கு அது அழகு, சாஸில் நூல் நூலாக இழுத்துக்கொண்டு ஒரே கட்டியாகக் கரண்டியோடு வரும். பனீரைப் பற்றி ஒரு தோழி கேட்டாள். சூடான பாலைப் புளிப்பு விட்டுத் திரித்து எடுத்தது அது, என்ன செய்தாலும் உருகாது. மிக்ஸியில் அரைத்துப் போடலாம். போட்டால் பனீர் பாஸ்தா கிடைக்கும், அது வேறு பண்டம்.

சைவக்காரர்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மோர்க்குழம்புக் கேள்வியைக் கேட்ட அம்மா அடுத்ததாகக் கேட்டது, “அவன் கொண்டு வந்ததுல மாட்டுக் குடல் சமாச்சாரம் எதாவது இருக்கா?” கேட்க வேண்டிய கேள்வி. பாலை உறைய வைக்கிற ரெனட் கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிரிகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பார்மிஜானோ ரெஜானோ என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் கன்றின் ரெனட்தான் போட வேண்டும் என்பது விதியே. நம்ம ஊரில் பச்சைப் புள்ளி போட்டு வரும் சீஸில் அந்தக் கவலை இல்லை. வெளியிலிருந்து வருவதற்கு லேபிளைப் படித்துத்தான் ஆக வேண்டும். தம்பியின் கௌடாவில் டச்சு மொழியில் எழுதியிருந்ததை அவன் படித்துச் சொன்னான், நுண்ணுயிரி ரெனட்தான். அம்மா கேட்டுக்கொண்டாள், ஆனாலும் சாப்பிடவில்லை. வாசனை பிடிக்கவில்லையாம்.

க்யூபே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், சமையல் சோடாவில் சோடியம். இரண்டும் சேர்ந்தால் பொங்கி நுரைத்து மிஞ்சுவது சோடியம் சிட்ரேட்தான். ஒரு சின்ன எலுமிச்சையின் சாற்றில் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, புதிதாக நுரை வராத இடத்தில் நிறுத்தி, அந்தத் தண்ணீரைப் பாலில் விட்டுச் சூடாக்கினால் 50 கிராம் முதிர்ந்த சீஸை அது தாங்கும். தம்பி ஊருக்குப் போகுமுன் மிச்சமிருந்த கௌடாவில் இதைச் செய்தோம். சாஸ் நன்றாகத்தான் நின்றது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஒரு சிட்டிகை சோடா கூடிவிட்டால் மட்டும் நாக்கில் சவுக்காரம் தெரியும். அவன் அங்கே போயும் இப்படித்தான் செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறான். செய்யட்டும். காலை ஏழு மணிக்கு எலுமிச்சை பிழிந்து நுரை அடங்கும்வரை நிற்க எனக்கு நேரம் இல்லை, நான் க்யூபைத்தான் துருவப் போகிறேன்.